அம்புக்குறி ஒட்டிய மாத்திரை

கார்த்திகையில் பொங்கலூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். பந்திக்கு வரிசையில் நிற்கிறோம். முன்னால் நின்ற மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவரின் காலருக்குக் கீழே ஒரு நூல். வெள்ளை நூல். மின்விசிறிக் காற்றில் சின்னதாக வாலாட்டிக்கொண்டு...

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்து என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

என் மனைவி கலாமணி வேலம்பாளையத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருக்கிறாள். தைத்து வரும் பனியனைப் புரட்டிப் பார்த்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம், நீட்டிக்கொண்டிருக்கும் பிசிர் எல்லாவற்றையும் பிடிப்பது அவள் வேலை. அந்த வேலை கம்பெனி கேட்டோடு நிற்பதில்லை. பஸ்ஸில், கோயிலில், துக்க வீட்டில் என்று யார் சட்டையில் பிசிர் தொங்கினாலும் அவள் கை தானாகப் போகும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கூடும், ஒரு சுண்டு, பிசிர் போச்சு. சட்டைக்காரர் திடுக்கிட்டுத் திரும்புவார். "பிசிருங்க" என்பாள், ஏதோ தேளைத் தட்டிவிட்ட மாதிரி. எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் தோளிலேயே கை வைத்துவிட்டாள். அந்தச் சம்பந்தம் அமைந்ததே அதனால்தான் என்பது என் கட்சி.

கண்ணைத் திறந்தேன். நூல் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. கலாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை புடவைத் தலைப்புக்குள் இருந்தது.

"என்ன கலா, விட்டுட்டே?"

"விரல் கூடலீங்க."

அன்றைக்குப் பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

விஷயம் இதுதான். அவளுக்கு முடக்குவாதம். வயதானால் வரும் தேய்மானம் இல்லை. உடம்பு தன் மூட்டுகளோடு தானே சண்டை போடும் வியாதி. காலையில் எழுந்தால் விரல்கள் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்திருக்கும். வெயில் ஏற ஏறத்தான் மடங்கும். வழக்கமாகக் கொடுக்கும் மருந்து அவள் ஈரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் கோயம்புத்தூர் டாக்டர் மருந்துகளை மாற்றி, கூடவே ஒரு ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலும் எழுதினார்.

ஆன்டிபயாடிக்கா? மூட்டுக்கா? நான் துள்ளினேன்.

"கிருமிக்குக் கொடுக்கலீங்க" என்றார் டாக்டர். இளைஞர், நிதானமானவர். "இதுக்கு வீக்கத்தைத் தணிக்கிற குணம் ஒண்ணு இருக்கு. பழைய முறைதான், எல்லாருக்கும் எழுதறதில்லை. இவங்களுக்குப் பார்க்கலாம். ஆனா மெதுவாத்தான் கேட்கும். பொறுமை வேணும்."

பொறுத்தோம். கேட்டது. ஆடி போய் ஆவணி வந்தபோது கலாமணியின் கை மறுபடி டிரிம்மரைப் பிடித்தது. நூல் வெட்டும் அந்தக் குட்டிக் கத்தரியைத்தான் சொல்கிறேன். என் சட்டைகள் மறுபடி சோதனைக்கு உள்ளாயின. ஆஹா, கிள்ளு வாங்குவதிலும் ஒரு சுகம்!

பிறகு ஐப்பசியில் ஒரு நாள், வழக்கமான மருந்துக் கடையில் அந்த பிராண்டு இல்லை. எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள். கடைக்காரர் வேறொரு அட்டையை நீட்டினார். பளபளப்பு இல்லை, பெரிய பெயர் இல்லை, மருந்தின் பெயர் மட்டும். ஜெனரிக். "உள்ள இருக்கறது ஒண்ணுதானுங்க." விலை பாதிக்கும் கீழே. வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து... ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன்.

திருப்பூர்க்காரனுக்குச் சொற்பொழிவுக்கு விஷயமா பஞ்சம்? ஒரே நூல், ஒரே சாயம், ஒரே மெஷின், ஒரே கை. கழுத்தில் ஓர் அங்குல லேபிளைத் தைத்தால் அது கடல் தாண்டும். தைக்காவிட்டால் காதர்பேட்டை மலிவுக் கடைகளில் குவியலாகக் கிடக்கும். மாத்திரையும் அப்படித்தானே கலா? லேபிளுக்கா காசு கொடுப்பது? உடம்பு என்ன லேபிளைப் படித்துப் பார்த்தா மருந்தை ஏற்கிறது? வாக்கியங்கள் தாமாக வந்து விழுந்தன. எழுதி வைத்துக்கொள்ளாமல் போனோமே என்றுகூட இருந்தது.

முழுக்கக் கேட்டாள். "சரிங்க" என்றாள்.

வெளியூர் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கொங்குப் பெண் "சரிங்க" என்றால் சரி என்று அர்த்தமில்லை. 'நீங்கள் பேசி முடித்தாகிவிட்டது' என்று அர்த்தம். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் எனக்கு இது ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறது.

கல்யாணத்திலிருந்து வீடு திரும்பியதும் மாத்திரை டப்பாவைத் திறந்தேன். மற்ற மருந்துகள் ஒழுங்காகத் தீர்ந்துகொண்டிருந்தன. இந்த அட்டை மட்டும் வாங்கிய மேனிக்குப் பிரிக்கப்படாமல், ஒரு பாலிதீன் கவருக்குள் தனியாக. அதன்மேல் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்!

செக்கிங் டேபிளில் குறையுள்ள பீஸில் குறையைக் காட்டி ஒட்டுவார்களே, அதே அம்பு. ஒட்டிவிட்டால் பீஸ் பேக்கிங்குக்குப் போகாது. முடிவு தெரியும்வரை ஓரமாகக் கிடக்கும். என் மனைவி ஒரு ஆன்டிபயாடிக்கை நிறுத்தி வைத்திருக்கிறாள்!

"ஏன் புள்ள, நான் அன்னிக்கு அத்தனை சொன்னேனே... உனக்கும் பெரிய பேரு வேணுமா?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எனக்கே லேபிளப் பத்திப் பாடமுங்களா? இந்த ஊட்டுல யாராவது காதர்பேட்டையத் தாண்டித் துணி எடுத்திருக்கறமா? நீங்க போட்டிருக்கற பனியன்ல லேபிள் எங்கீங்க? நாந்தான வெட்டி எறிஞ்சேன், கழுத்து அரிக்குதுன்னீங்கன்னு!"

உண்மை. தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"அப்புறம் ஏன் போடலை?"

"லேபிள் இல்லீங்க. லாட்டு." குரல் தணிந்தது. "பாடி ஒரு சாய லாட்டுல வெட்டி, கழுத்துப் பட்டிய வேற லாட்டுல வெச்சுத் தெச்சா, தெச்சப்ப ஒண்ணாட்டத்தான் இருக்கும். ரெண்டு தண்ணி பட்டா கழுத்து தனியாத் தெரியும். பீஸே போச்சு. விரலு நல்லா வந்துட்டு இருந்துச்சுங்க. பாதியில வேற லாட்ட உள்ள உட்டு, வந்ததும் கெட்டுப்போச்சுன்னா? அதான், பழசே வரட்டும்னு..."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா இன்னொருக்கா லேபிள் பாட்டு பாடுவீங்க."

சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உக்காந்து பாருங்கக்கா, சும்மா எண்ணுங்கக்கான்னு கம்பெனில இப்பவே சொல்றாங்க. கை போனா டேபிள் போயிருமுங்க."

ஒரு சாயத் தொட்டியிலிருந்து வந்த துணியோடு இன்னொரு தொட்டித் துணியைச் சேர்க்காதே. இந்த ஊர் விரல் சுட்டுக் கற்ற பாடம் அது. அதைத் தன் ரத்தத்துக்கும் பொருத்திப் பார்த்திருக்கிறாள். பயத்துக்கு அவளிடம் இருந்த மொழி அதுதான். நானோ அவள் கேட்காத கேள்விக்கு அழகான பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளே கோயம்புத்தூர். அம்புக்குறியோடு அட்டையை டாக்டர் மேஜையில் வைத்து, லாட்டுக் கதையையும் சொன்னாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

"சாயத்தைத் துணி பிடிச்சு வெச்சுக்கும்மா. மருந்தை உடம்பு பிடிச்சு வெச்சுக்காது. வேலை முடிஞ்சதும் கழுவி வெளிய விட்டுரும். அதனாலதான் தினமும் போடச் சொல்றோம். பழசும் புதுசும் உள்ள நின்னு சண்டை போடாது."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானுங்களா?"

"மருந்து ஒண்ணுதான். கேப்ஸ்யூல் செய்யற விதத்துல கரையற வேகம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம். பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. நீங்க கேட்டதுல தப்பில்லை. ஆனா எங்கிட்டக் கேட்டிருக்கணும். மாத்தறதா இருந்தா ஒரு போன் போடுங்க. நீங்களா நிறுத்தறதுதான் தப்பு."

"இது பாஸான சரக்குங்களா?"

"பாஸ்தாங்கம்மா. கிடைக்கறதையே தொடர்ந்து போடுங்க. வாரத்துக்கு ஒண்ணா மாத்தாதீங்க."

வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரை உரிக்கப் பார்த்தாள். நகம் ஏறவில்லை. நான் உரித்தேன். வாங்கிப் பார்த்து, செக்கிங் டேபிள் குரலில், "பாஸ்" என்றாள்.

மார்கழி முழுக்க அந்தக் கையை நான் வெந்நீரில் வைத்து வைத்து எடுத்தேன். பனியில் விறைத்த விரல்கள் கிண்ணத்துக்குள் ஒவ்வொன்றாகத் தயங்கி அவிழும். ஜன்னலுக்கு வெளியே முதல் ஷிஃப்டுக்குப் போகும் கம்பெனி வேன்கள். கண்ணாடியில் சாய்ந்து தூங்கும் முகங்கள். ஒரு வாழ்நாள் முழுக்க ஊரின் பிசிர்களை எடுத்த கை என் கைக்குள் சும்மா கிடந்தது. எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஒரு வரி எழுதவில்லை. எழுதப் போனால் தண்ணீர் ஆறிவிடும்.

தை வந்தது. வெயில் வந்தது. தேங்காய்ச் சில்லைக் கத்தியால் நெம்பினாள். புடவைக் கொசுவம் வைக்க யாரையும் கூப்பிடவில்லை.

மாத்திரையா, வெயிலா, வெந்நீரா? டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை. "எல்லாம் சேர்ந்துதான்" என்கிறார். ஆகவே அன்பர்களே, இதைப் படித்துவிட்டு மூட்டு வலிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு எனக்கு எழுதாதீர்கள். உங்கள் டாக்டரைக் கேளுங்கள். நான் பத்தி எழுதுகிறவன். லேபிள் பாட்டுதான் பாடுவேன்.

போன வாரம் மறுபடி டாக்டரிடம் போனோம். கைப்பிடி எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்க, தன் இரண்டு விரல்களை நீட்டினார். "அமுக்குங்கம்மா, பார்ப்போம்."

கலாமணி அந்த விரல்களைப் பார்க்கவே இல்லை. அவள் கண் மணிக்கட்டில் இருந்தது. சட்டைக் கைப்பட்டனுக்குக் கீழே, நீல நிறத்தில்...

எனக்குப் புரிவதற்குள் கை போய்விட்டது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கூடின. ஒரு சுண்டு.

"பிசிருங்க."

டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்தார். ஃபைலை இழுத்து என்னவோ எழுதினார். பிறகு கொஞ்சம் ரோஷத்தோடு சொன்னார்:

"ஏம்மா, இது பெரிய பிராண்டு. மால்ல எடுத்தது."

"இருக்கட்டுங்க சாமி" என்றாள் கலாமணி. "பிசிருக்கு அதெல்லாம் தெரியுங்களா?"