நாலாவது அறை

இதயத்தைத் திரையில் படமாகப் பார்க்கிற எக்கோ எடுக்கும் வேலையில் முதலில் பழக வேண்டியது முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வது. திரையில் எதைப் பார்த்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. சொல்ல வேண்டியவர் டாக்டர். திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையின் அரை இருட்டு அறையில் இத்தனை வருஷமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். படுத்திருப்பவர்கள் "எந்தாயி சேச்சீ?" என்று, என்ன ஆச்சு அக்கா என்று கெஞ்சுவார்கள். "டாக்டர் பறையும்" என்று சொல்லி, ஜெல்லைத் துடைக்கக் காகிதம் கொடுத்து அனுப்பிவிடுவேன். கல்நெஞ்சக்காரி என்று சொன்னவர்களும் உண்டு. நான் மறுத்ததில்லை.

அப்பாவை அழைத்து வந்த அன்று, கூட வேலை செய்கிறவள் "நான் எடுக்கிறேன், நீ வெளியே இரு" என்றாள். நான் கேட்கவில்லை. என் அப்பாவின் நெஞ்சை இன்னொருத்தி பார்த்து எனக்குச் சொல்வதா என்று ஒரு வீம்பு.

அப்பா கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, வாழ்நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர். கொஞ்ச நாளாகக் கடை மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. "ஓணக் கச்சவடம் தொடங்கியாச்சு, கடையில கூட்டம் அள்ளுது, சீக்கிரம் விடு" என்று சொல்லிக்கொண்டேதான் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தார்.

கருவியை விலாவில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. இடது கீழறைதான் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுவது. தடித்த சுவரோடு இறுகிச் சுருங்க வேண்டிய அறை, விரிந்து தொய்ந்து, பேருக்கு அசைந்துகொண்டிருந்தது. எடுத்த அளவையே திரும்பத் திரும்ப எடுத்தேன்.

"என்ன மக்ளே, அதையே பாத்துட்டு இருக்க? எனக்கும் கொஞ்சம் காட்டு," என்றார்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். "இதயத்துல நாலு அறைப்பா. படத்துல தலைகீழாத் தெரியும், கீழறை ரெண்டும் மேல இருக்கும்." வலது மேலறையைத் தொட்டுக் காட்டினேன். உடம்பைச் சுற்றிவிட்டு வருகிற ரத்தம் முதலில் சேர்வது அங்கே. அடுத்தது வலது கீழறை. பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும் என்பதால் அதன் சுவர் மெல்லிசு. நுரையீரலில் சுத்தமாகித் திரும்புவதை வாங்கிக்கொள்வது இடது மேலறை. நடுவே கதவுகள் திறந்து மூடுவதைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. எந்த நோயாளியிடமும் இவ்வளவு பேசியதில்லை. பிறகு "அவ்வளவுதாம்பா" என்று காகிதத்தை எடுத்தேன்.

அப்பா எழுந்திருக்கவில்லை.

"நாலுன்னு சொன்ன. மூணெண்ணம்தான் காட்டியிருக்க."

நான் காகிதத்தை அவரிடம் நீட்டினேன்.

"இழை விட்ட சேலைன்னா நானும் அந்த மடிப்பை விரிக்க மாட்டேன், மக்ளே. மத்ததெல்லாம் நல்லா விரிச்சுக் காட்டுவேன்." குரலில் துளிக்கூடக் கோபமில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஆனா இந்தச் சேலையைக் கொண்டு போறது நாந்தானே. விரி, நான் பாக்கட்டும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கருவியை மறுபடி அவர் நெஞ்சில் வைத்தேன். "இதுதாம்பா," என்றேன்.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டு நாளும் எல்லாத்தையும் தள்ளினது இதுதானா?"

"ஆமாப்பா."

"அப்போ மொதலாளிக்கு போன்ல விளிச்சுத் தா," என்றார். "ஓணத்துக்கு நான் இல்லைன்னு சொல்லணும்."