பிரதம அதிதி வரும்வரை

டெரிக்குக்கு ஊரில் இரண்டு பெயர். கோடையில் "டெரிக் அண்ணன்". மாரி பிறந்து தெருவோரக் கான் நிரம்பிவிட்டால் "அந்த மோட்டர்காரன்". இந்த இரண்டாவது பெயரோடு சேர்த்து என்னென்ன சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. பள்ளத்து ஒழுங்கைகளின் மழைத்தண்ணீரை இறைத்து வாவிக்குள் தள்ளும் பம்ப் அறைதான் அவருக்குச் சோறு போடுகிறது. பம்ப் நின்றால் ஏச்சு வாங்குவதும் அவர்தான்.

பம்ப் நின்றால் அவர் என்ன செய்வார்? பொழுதுபட்டு வீடுகளில் லைட் எரியத் தொடங்கினால் கரண்ட் வலுவிழக்கும். மோட்டர் உறுமும், சுழலாது. பழைய ஜெனரேட்டரோ நாலு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். எழுதிக் கொடுத்தார், சொல்லிப் பார்த்தார், தொண்டை வற்றக் கத்தினார். மேலிடத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டக் கரண்ட் தேவையில்லையே.

ஒருவழியாக இந்த வருடம் விடிவு வந்தது. பம்புக்கென்றே தனி ட்ரான்ஸ்போமர், புதுக் கேபிள், கரண்ட் போனால் தானாகவே இயங்கும் ஜெனரேட்டர். "திறப்பு விழா வரைக்கும் சோதனை எண்டு சொல்லி ஓட்டுங்க அண்ணன்" என்றார் பொறியியலாளர் ஜெயந்தன். டெரிக் ஓட்டினார். ஐப்பசி மழை ஊற்றியும் ஒழுங்கையில் யாருக்கும் கணுக்கால் நனையவில்லை.

அவர் வீட்டுக்கு எதிரே புஸ்பம் மா அரைக்கும் மில் வைத்திருக்கிறாள். புருஷன் இல்லாத வீடு; அந்த மில்தான் அடுப்பெரிக்கிறது. மாரி வந்தால் ஆட்களைப் பிடித்து மில்லைக் கல்லடுக்கின் மேல் தூக்கி வைப்பாள். மாரி முடியும்வரை அரைப்பும் இல்லை, வருமானமும் இல்லை.

"இந்த முறை தூக்காத புள்ள. தண்ணி வராது."

"மெய்யாவா அண்ணன்?"

"ஓம். என்ட பொறுப்பு."

புஸ்பம் மில்லைத் தூக்கவில்லை.

விழா நாள் வந்தது. காலையிலேயே வானம் பொத்துக்கொண்டது. ஜெயந்தன் பந்தலிலிருந்து ஓடி வந்தார்.

"அண்ணன், மோட்டரை நிப்பாட்டுங்க."

"ஏன் சேர்? கான் நிரம்பி வருது."

"ஓடுற மோட்டரை பிரதம அதிதி எப்பிடித் தொடக்கி வைக்கிற? வந்துட்டாராம். பத்து நிமிசம்தான்."

டெரிக் நிறுத்தினார். அதிதியின் அந்தப் பத்து நிமிடம் செங்கலடியில் வேறொரு கட்டடத்துக்கு நாடா வெட்டிக்கொண்டிருந்தது. மழை மட்டும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, போகவும் மறுத்தது.

போன் அடித்தது. புஸ்பம்.

"அண்ணன், படியில தண்ணி ஏறிட்டு. மோட்டர் ஓடுதா?"

"ஆக்களைப் பிடிச்சு மில்லைத் தூக்கு புள்ள!"

"ஆக்கள் எங்க? கதிரையில இருத்திக் கூட்டம் காட்டக் கூட்டிப்போன ஆம்பிளைகள் எல்லாம் உங்கட விழாவிலதான் இருக்காங்க."

டெரிக் பட்டனுக்குக் கையை நீட்டினார். ஜெயந்தன் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணன், உங்கட வேலையும் போகும், என்ட வேலையும் போகும்." கையை உதறிவிட்டு அமுக்கியிருக்கலாம். அமுக்கவில்லை. ஓடக்கூடிய மோட்டரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

அதிதி மத்தியானம் வந்தார். மேளம், மாலை, பேச்சு, பேச்சுக்கு மேல் பேச்சு. கடைசியில் பட்டனை அமுக்கினார். மோட்டர் ஒரு குறையும் சொல்லாமல் சுழன்றது. அதைக் கண்டுதான் டெரிக்குக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. பந்தல் கை தட்டியது. "அயராத சேவைக்காக" என்று அவரையும் மேடைக்கு இழுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அதைக் கழற்றக்கூட மறந்து புஸ்பத்தின் வீட்டுக்கு ஓடினார். பம்ப் அதற்குள் தண்ணீரை வடித்துவிட்டிருந்தது. மில்லின் மோட்டர் மேலெல்லாம் சேறு. பக்கத்தில் ஊறிப்போன அரிசிச் சாக்கு. புஸ்பம் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"ஒரு பக்கம் பிடிங்க அண்ணன்," என்றாள். "இனியாவது தூக்கி வைப்பம்."

தூக்கி வைத்தார்கள். டெரிக் பொன்னாடையை உருவி மோட்டரைத் துடைக்கத் தொடங்கினார். முழுக்கச் சரிகை. அது ஒரு சொட்டுத் தண்ணீரையும் உறிஞ்சவில்லை.