நாற்பத்து மூன்றாவது வீடு

"வேணும்னே கேட்டாளா? வேணும்னேவா? இங்க பாரு பெவ், உன் தலையில சாயம் பாதிதான் ஏறியிருக்கு. இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னே, பாதித் தலையோட தெருவுல நிறுத்திடுவேன்."

கார்லா சொன்னால் செய்வாள் என்பது நார்வெல் ஊருக்கே தெரியும். அவளுடைய முடி அலங்காரக் கடை நாற்காலியில் கழுத்துவரை துணி போர்த்தி உட்கார்ந்திருந்த பெவ் கொஞ்சம் இறங்கி வந்தாள். வாயை மட்டும் மூடவில்லை.

"நானா சொல்றேன்? ஊரே சொல்லுது. வெள்ளிக்கிழமை மீன் விருந்துல வேற பேச்சே இல்லை. செத்துப்போன பையன் பேரைச் சொல்லி, பெத்தவகிட்டயே ஓட்டுக் கேட்டிருக்கா உன் தங்கச்சி. பரிதாபம் தேடறா."

"பரிதாபம் தேடறவ மூஞ்சியைத் தொங்கப்போட்டுகிட்டுப் போவா. இவ பல்லைக் காட்டிகிட்டுப் போய் நின்னா. அதுலயே தெரியலையா, நினைப்பில்லாம கேட்டுட்டான்னு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். அவளுக்குக் கீழே வேலை செஞ்ச பையன். அவன் செத்தது எப்படி நினைப்பில்லாம போகும்?"

கார்லாவின் கையில் இருந்த தூரிகை அப்படியே நின்றது.

நடந்தது இதுதான். ஓட்டுக் கேட்டு வீடு வீடாகக் கதவு தட்டப் போகிறவர்களுக்குக் கட்சிக்காரர்கள் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். எந்த வீட்டில் யார் ஓட்டுப் போடுகிறவர் என்று அலைபேசியில் பெயர் வரும். அந்தச் சனிக்கிழமை அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு பக்கமாகத் தெருவைப் பிரித்துக்கொண்டார்கள். ரோண்டாவுக்கு அது நாற்பத்து மூன்றாவது வீடு. வெயில் அலைபேசித் திரையில் பட்டுக் கண் கூசியது. கதவு திறக்கும்போதே பெயரைப் படித்தாள், படிக்கும்போதே வாய் சொல்லிவிட்டது.

"வணக்கம்! நான் ரோண்டா ஹால்வர்சன், சட்டமன்றத்துக்கு நிக்கறேன். ட்ராவிஸ் இருக்காரா? அவர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசணும்."

கதவைத் திறந்தவள் ட்ராவிஸின் அம்மா அர்டிஸ். பண்ணையை விற்றுவிட்டு இந்தச் சின்ன வீட்டுக்கு அவள் வந்திருந்தது ரோண்டாவுக்குத் தெரியாது, இளைத்து முடி வெளுத்துப்போன அந்த முகமும் உடனே பிடிபடவில்லை.

"எனக்கும்தான் அவன்கிட்ட பேசணும்" என்றாள் அர்டிஸ்.

கோபமாகச் சொல்லவில்லை. ரோண்டா நீட்டிய துண்டுப் பிரசுரத்தை வாங்கிக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரன் வாரிய சருகோடு அப்படியே நின்றுவிட்டான். எதிர்ப்பக்கத்தில் இருந்த கார்லாவுக்கும் எல்லாம் கேட்டது. திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ரோண்டாவைப் பற்றித் தெரியாமல் பேசுகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். அவள் அப்பா பால் டேங்கர் ஓட்டியவர். பதினாலு வயதில் அந்த டேங்கரை முற்றத்தில் பின்னுக்கு எடுத்துக் காட்டியவள் அவள். கல்லூரிச் செலவுக்குப் படை உதவும் என்று, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு சீருடை போடும் நேஷனல் கார்ட் என்ற பகுதிநேரப் படையில் சேர்ந்தாள். சும்மா அணிவகுத்துவிட்டு வருகிற வேலை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். ஈராக்கில் சண்டை வந்தது. முப்பத்தாறு வயதில், லாரிப் பிரிவுக்குச் சார்ஜன்டாக, இந்த வட்டாரத்துப் பையன்கள் முப்பது பேரோடு போனாள். போன முப்பது பேரும் திரும்பி வந்தார்கள். "லாரி ஓட்டினவதானே" என்று இன்றைக்குச் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அந்த ரோட்டில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிதுக்கட்டும்.

திரும்பி வந்து சீஸ் ஆலையில் லாரிகளுக்கு நேரம் குறிக்கும் மேசையில் உட்கார்ந்தாள். பத்து வருடத்தில் போக்குவரத்துக்கே துணைத் தலைவி. ஒரு பிப்ரவரியில் பனிப்புயல் மூன்று நாள் அடித்தபோது, பண்ணைகளில் கறந்த பாலைக் கீழே ஊற்றவேண்டி வருமே என்று, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவளே டேங்கர் ஏறினாள். பெவ் வீட்டுப் பாலும் அதில் வந்ததுதான்.

பழைய சட்டமன்ற உறுப்பினர் இனி நிற்கப்போவதில்லை என்றதும், கட்சியின் வட்டாரத் தலைவர் ஃபில் வீட்டுக்கு வந்தார். காப்பீடு விற்று ஓய்வு பெற்றவர், எதையும் விற்கத் தெரிந்தவர். "படைக்குப் போனவ, நிர்வாகம் பண்ணவ, இந்த மண்ணுல பொறந்தவ. உன்னைவிட்டா யாரு இருக்கா?" என்றார். பிரசுரம் அச்சாகி வந்தது. முகப்பில், பாலைவனத்தில் லாரிக்கு முன்னால் ரோண்டாவும் அவள் ஆட்களும். கீழே பெரிய எழுத்தில்: 'தன் ஆட்களைக் கைவிடாதவர்.' படத்தின் ஓரத்தில், தலைக்கவசத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சிரிப்பவன் ட்ராவிஸ். அதைத்தான் அவன் அம்மா கையில் கொடுத்திருக்கிறாள்.

பெவ்வை அனுப்பிவிட்ட கார்லாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஆப்பிள் கேக் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு அர்டிஸ் வீட்டுக்குப் போனாள். பட்டியல் பழையது, தவறு கட்சியுடையது என்று எடுத்துச் சொல்லிவிட்டால் முடிந்தது என்பது அவள் கணக்கு.

அர்டிஸ் கேக்கை வாங்கி வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினாள்.

"பட்டியல் பழசுன்னு எனக்குத் தெரியாதா கார்லா? அவன் போய் ரெண்டு வருஷம் ஆகுது. பல் டாக்டர்கிட்டயிருந்து இன்னும் அவன் பேருக்குக் கார்டு வருது. அதுக்கெல்லாம் நான் கோபப்படறதில்லை."

"அப்பாடா. நானும் அதைத்தான் ஊர்ல சொல்லிகிட்டு இருக்கேன். நம்ம ரோண்டா அப்படிப்பட்டவ இல்லைன்னு."

"நல்லா சொல்லு. உன் தங்கச்சி, நீ சொல்லத்தான் வேணும். ஆனா ஒண்ணு கேட்டுட்டு வந்து சொல்லு. அவன் கேட்ட கடிதத்தை அவ ஏன் எழுதலை?"

"எந்தக் கடிதம்?"

அர்டிஸ் அவளை உற்றுப் பார்த்தாள். நிஜமாகவே தெரியாது என்று புரிந்ததும் குரல் தணிந்தது. ட்ராவிஸின் நுரையீரல் கெட்டது ஈராக்கில் சுவாசித்த புகையால். படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பித்தான். முகாமில் குப்பை எரித்த குழிக்குப் பக்கத்தில் வேலை செய்தவன் என்று கூட இருந்த ஒருவர் எழுதித் தரவேண்டும் என்றார்கள். ஒரே ஒரு பக்கம். கூட இருந்தவர்களில் யாருக்கும் தேதி நினைவில்லை. வேலைப் பட்டியல் போட்ட சார்ஜன்டுக்குத்தான் தெரியும்.

"கடைசிவரைக்கும், எழுதுவாங்கம்மா, சார்ஜன்டுக்கு வேலை அதிகம்னான். அவ மேல ஒரு குறை சொல்லலை. ஊர்ல என்ன சொன்னாங்க தெரியுமா? சிகரெட் பிடிச்சே செத்தான்னாங்க. உன் கடையிலகூடச் சொல்லியிருப்பாங்க."

சொல்லியிருந்தார்கள். கார்லாவும் தலையாட்டியிருந்தாள். கேக் வைத்திருந்த தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமலே எழுந்து வந்துவிட்டாள்.

அக்காவும் தங்கையும் அப்பா விட்டுப்போன வீட்டில்தான் இருந்தார்கள். கார்லா உள்ளே வந்தபோது ரோண்டா சமையலறை மேசையில் ஆதரவாளர்களுக்கு நன்றி அட்டை எழுதிக்கொண்டிருந்தாள்.

"ட்ராவிஸ் உன்கிட்ட எத்தனை தடவை கேட்டான்?"

எந்த ட்ராவிஸ், என்ன கேட்டான் என்று ரோண்டா கேட்கவில்லை. பேனாவை மூடினாள்.

"மூணு."

"மூணு தடவையும் உனக்கு ஒரு பக்கம் எழுத நேரமில்லை?"

"முதல் தடவை, ஆலையில காலாண்டுக் கணக்கு முடியட்டும்னேன். ரெண்டாவது தடவை, ஆலை கைமாறுற சமயம். மூணாவது தடவை ஃபோன்ல அவன் பேச்சே வரலை கார்லா. மூச்சு மட்டும்தான் கேட்டுது."

"அப்பவும் எழுதலை."

"நேரமில்லைன்னு உனக்குச் சொல்றேன். நேரம் இருந்தது." ரோண்டா எழுதிய அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள், கலைத்தாள். "முகாமுக்கு மேற்கே அந்தக் குழி. நம்ம பள்ளிக்கூட மைதானம் அளவு இருக்கும். டயர், பிளாஸ்டிக், பேட்டரி, எல்லாத்தையும் போட்டு விமான எண்ணெயை ஊத்திக் கொளுத்துவாங்க. அங்க எவனை அனுப்பினாலும் முணுமுணுப்பான். ட்ராவிஸ் மட்டும் 'சரி சார்ஜன்ட்'னு போவான். ஒரு வாரத்துக்குன்னு போட்டேன். எதிர்த்துப் பேசாத பையன், எனக்குச் சௌகரியமாப் போச்சு. நாலு மாசம் அவனையே போட்டேன். அவன் அங்க இருந்தான்னு எழுதினா, அனுப்பினது யாருன்னும் எழுதணும். பேனாவை எடுப்பேன், அந்த வரி வந்ததும் வெச்சுடுவேன்."

கார்லா உட்கார்ந்துவிட்டாள்.

"அடக்கத்துக்கு நீ வரலையே. சிகாகோவுல கூட்டம்னியே."

"கூட்டம் மறுநாள்."

அந்தப் பொய்யைக் கடையில் வந்தவர் போனவர் எல்லோரிடமும் வரிந்துகட்டிக்கொண்டு சொன்னது கார்லாதான். 'என் தங்கச்சிக்குக் கம்பெனி வேலை, அதை விட்டுட்டா அடக்கத்துக்கு வர முடியும்?' என்று அர்டிஸின் சொந்தக்காரி ஒருத்தியிடமே சீறியிருந்தாள். இப்போது அவளுக்குக் காது மடல் எரிந்தது. ஊர் தன் தங்கை மேல் சொன்ன குற்றத்தை அவள் செய்யவில்லை. அதைக் கார்லா இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வாள். செய்தது வேறு. அது ஊருக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான்.

ரோண்டா அன்றைக்கே எழுத உட்கார்ந்தாள். படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒன்று, ஊர் வாரப் பத்திரிகைக்கு ஒன்று. தேர்தல் சமயத்தில் அந்தப் பத்திரிகையில் பாதிப் பக்கம் வாசகர் கடிதம்தான், எல்லோரும் முதலில் படிப்பதும் அதைத்தான். ட்ராவிஸ் எங்கே நின்றான், எத்தனை நாள் நின்றான், யார் நிறுத்தினார்கள், யார் மூன்று தடவை கேட்டும் எழுதவில்லை என்று எல்லாவற்றையும் எழுதினாள். திங்கட்கிழமை முழுக்க அடித்து அடித்துத் திருத்தினாள். 'சூழ்நிலை காரணமாக' என்று ஒரு இடத்தில் இருந்ததைக் கார்லா காட்டினாள். அதையும் அடித்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியத்தோடு பத்திரிகையில் அந்த வாரத்துக்குக் கடிதம் வாங்குவது நின்றுவிடும். காலையிலேயே ஃபில்லைக் கூப்பிட்டு ரோண்டா கடிதத்தைக் காட்டினாள். அவருக்குத் தெரியாமல் செய்யக்கூடாது என்பது அவள் எண்ணம். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கே. மனசைத் தொடுது. அலுவலகத்துக்கு உள்ளதை இன்னைக்கே அனுப்பு, யாரு வேண்டாங்கறா? பத்திரிகைக்கு உள்ளதை ஓட்டு முடிஞ்ச மறுநாள் கொடு. நாலு வாரம், ரோண்டா. நாலே வாரம்."

"அவனைச் சிகரெட்காரன்னு இந்த ஊர்தான் சொல்லுது. அலுவலகம் சொல்லலை."

"இப்போ நீ ஜெயிக்கப்போற ஆளு. இங்க உட்கார்ந்து எழுதினா ஒரு ட்ராவிஸுக்குத்தான் கடிதம். சட்டமன்றத்துல உட்கார்ந்தா எத்தனை ட்ராவிஸுக்குச் சட்டமே கொண்டுவரலாம். நீ கெட்டிக்காரி, உனக்கா நான் சொல்லணும்?"

ஃபில் சொன்னது தேன் தடவிய பேச்சுதான். ஆனால் அதில் பொய் இல்லை. ரோண்டா சட்டமன்றத்துக்குப் போனால் செய்வாள், அவளால் முடியும். கார்லாவின் கண்முன்னால் முற்றத்தில் அடுக்கியிருந்த, தங்கை பெயர் போட்ட தேர்தல் பலகைகளும், கடைக்கு வந்து கைகொடுத்தவர்களும், அப்பா இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பார் என்பதும் வரிசையாக வந்தன.

"ஃபில் சொல்றதுலயும் நியாயம் இருக்கில்ல?" என்றாள்.

சொல்லிவிட்டாள். சொன்ன வார்த்தை மேசைமேல் கிடந்தது. ரோண்டா அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கார்லாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். 'நீயும் பேனாவைக் கீழே வெச்சிட்டியா' என்று கேட்பதுபோல் இருந்தது. கார்லா துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தாள்.

"அப்புறம், அப்புறம்னுதான், ஃபில், அவனையும் நிறுத்தி வெச்சேன்" என்றாள் ரோண்டா.

ஆணியில் இரண்டு மேல்கோட்டுகள் தொங்கின. ஒன்று தேர்தலுக்காகத் தைத்தது, நெஞ்சில் அவள் பெயர் இருக்கும். அதை விட்டுவிட்டு, அப்பா டேங்கர் ஓட்டும்போது போட்ட பழைய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு காகிதங்களையும் மடித்து உள்பையில் வைத்தாள்.

ஃபில் எழுந்து நின்றார். "யோசிச்சுக்க. இந்தக் கதவைத் தாண்டினா இந்தத் தொகுதி நமக்கில்லை. உனக்காக ராத்திரி பகலா உழைச்சவங்க இருக்காங்க. அவங்களை விட்டுட்டுப் போறே."

அதுவும் உண்மைதான். ரோண்டாவின் முகம் சிவந்தது.

"தெரியும், ஃபில். அவங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நானே போய்ச் சொல்றேன். காபி சூடா இருக்கு, குடிச்சுட்டுப் போங்க."

கதவைத் திறந்துகொண்டு போனாள்.

கார்லா ஜன்னலுக்கு ஓடினாள். கார் நின்ற இடத்திலேயே நின்றது. ரோண்டா நடந்துதான் போனாள். பத்திரிகை அலுவலகம் இடது பக்கம். அவள் வலது பக்கம் திரும்பினாள், அர்டிஸ் வீட்டுத் தெருவுக்கு. அச்சுக்குப் போகும் முன்னால் பெற்றவள் அதைக் கேட்கவேண்டும், வேண்டாம் என்றால் கிழித்துப் போடவும் அவளுக்கு உரிமை உண்டு. படையில் நடக்கிறவள்போல் நெஞ்சை நிமிர்த்திப் போகவில்லை. எதிரே வந்த இரண்டு பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். ரோண்டா அவர்களுக்கு வணக்கம் சொன்னாள், கை நீட்டவில்லை, ஓட்டும் கேட்கவில்லை. திருப்பத்தில் ஒரு முறை நின்று, கோட்டின் உள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மறுபடி நடந்தாள்.