பன்னிரண்டு கல்யாணமும் ஒரு சுரங்கப்பாதையும்

காலை பத்தே முக்காலுக்கு டெல்லியிலிருந்து எம்.பி. கூப்பிட்டார்.

"ஏனுங்ண்ணா, நம்ம பேரு குலுக்கல்ல உழுந்திருச்சுங்க."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. நான் மேசை மேலிருந்த கல்யாணப் பத்திரிகைகளைப் பார்த்தேன்.

தாலுகா அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் தொகுதி அலுவலகத்தில் ஐந்து வருடம் உதவியாளராக இருந்தேன். இப்போது அந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

மக்களவையில் ஜீரோ அவர், அதாவது பூஜ்ய நேரம், என்று ஒன்று உண்டு. பகல் பன்னிரண்டுக்குத் தொடங்கும். தொகுதிப் பிரச்சினையை ஓரிரு நிமிடம் பேசலாம். நோட்டீஸ் கொடுப்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல் போடுவார்கள். பெயரைக் கூப்பிடும்போது ஆள் இருக்கையில் இல்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நாங்கள் கொடுத்தது ஒரு ரயில்வே சுரங்கப்பாதைக்காக. மல்லூருக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே ஒரு ஊர். மழை பெய்தால் அந்தப் பாதை குளம். ஊரைச் சுற்றிப் போக ஏழு கிலோமீட்டர். முந்தைய ஐப்பசியில், பக்கவாதம் வந்த ஒருவரை ஏற்றிய கார் அதில் நின்றுவிட்டது. சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்ததில் உயிர் பிழைத்தார், வலது கை போயிற்று. அவருடைய தம்பி நல்லதம்பி மூன்று முறை மனு கொடுத்தார். நாங்கள் எட்டு முறை நோட்டீஸ் கொடுத்தோம். எட்டு முறையும் பெயர் விழவில்லை.

ஒன்பதாவதும் விழாது என்று நானே முடிவு செய்துகொண்டு, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு எம்.பி. நேரில் வருவார் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் வெற்றிலை பாக்கோடு வந்து பத்திரிகை வைத்த வீட்டுக்குப் போகாமல் இருந்தால் அடுத்த தேர்தல் வரை மறக்க மாட்டார்கள். பெயர் விழுந்த அன்று மாலை ஒரு வரவேற்பு, மறுநாள் பதினொரு முகூர்த்தம். மொத்தம் பன்னிரண்டு.

"பேசிட்டுக் கெளம்புனா ஒன்றரை மணி பிளைட்டப் புடிக்க முடியாதுங்க. அதை உட்டா இன்னிக்கு வேற இல்லீங்க" என்றேன்.

"நாளையோட கூட்டம் முடியுதுங்ண்ணா. அப்புறம் கார்த்திகை வரைக்கும் பேச முடியாது. அதுக்குள்ள மழை வந்துருமுங்க."

"இன்னிக்கு வரவேற்பே நல்லதம்பி பொண்ணுக்குத்தானுங்க. சுரங்கப்பாதைக்கு மனுக் குடுத்தவரு ஊட்டுக் கண்ணாலத்துக்கே போவாட்டி நல்லாருக்குங்களா?"



"நீங்க சொன்னாச் சேரிங்க. வாரேன்."

மல்லசமுத்திரத்தில் கல்யாண மண்டபம். ஐந்து மணிக்கே போய்விட்டேன். யாரும் என்னை வாங்க என்று கேட்கவில்லை. போர்வெல் போடும் ரிக் லாரி வைத்திருக்கும், எனக்கு மருமகன் முறையாகும் ஒருவர்தான் பேசினார்.

"மாமா, எம்.பி.யக் காணோமுன்னு ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துரலாமுங்களா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. எங்கள் டெல்லி உதவியாளர், பெயர் விழுந்த பட்டியலைப் பெருமையாகத் தொகுதி வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறார். நான் அதைப் பார்க்கவில்லை. நல்லதம்பி பார்த்திருக்கிறார். வரவேற்புக்குக் கட்டிய எல்.இ.டி. திரையில் நாடாளுமன்றத்தைப் போடச் சொல்லி, சமையல்காரர்கள் உட்பட அறுபது பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அவைத் தலைவர் எங்கள் எம்.பி.யின் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார். பிறகு ஒடிசாக்காரர் ஒருவர் எழுந்து யானையைப் பற்றிப் பேசினார்.

எம்.பி. ஏழே முக்காலுக்கு வந்தார். நல்லதம்பி மரியாதையாகத்தான் வரவேற்றார்.

"வந்தது சந்தோசமுங்க. வராட்டியும் கோவிச்சிருக்க மாட்டமுங்க. பொண்ணுக்கு அச்சதை போட ஆயிரம் பேரு வந்திருக்கறாங்க. அங்க எந்திரிச்சு நிக்க எங்களுக்கு வேற ஆளு இல்லீங்களே."

எம்.பி. என் பக்கம் திரும்பாமல் கையெடுத்துக் கும்பிட்டார். "வரச் சொன்னது நான்தானுங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நல்லதம்பியின் அண்ணன் துண்டு போர்த்த வந்தார். "எடக்கையில போடறேன்னு நெனைக்காதீங்க சாமி" என்றார். எம்.பி. நன்றாகக் குனிந்து கொடுத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். இலையில் பதினான்கு வகை.

காரில் வரும்போது எம்.பி. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நாளைக்கு எத்தனைங்ண்ணா?"

"பதினொண்ணுங்க."

"சேரிங்க."

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று தூங்கியிருப்பேன்.

ஐப்பசியில் மழை வந்தது. சுரங்கப்பாதைக்குப் போய்க் குடையை விட்டு அளந்து பார்த்தேன். தண்ணீர் மூன்றடி இரண்டு அங்குலம். அந்த வருடம் பள்ளிப் பிள்ளைகள் பத்தொன்பது நாள் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் கணக்கு என்னுடையது.

கார்த்திகைக் கூட்டத்தொடரில் நான்காவது நோட்டீசில் பெயர் விழுந்தது. எம்.பி. ஒரு நிமிடம் ஐம்பது வினாடி பேசினார். அன்று தொகுதியில் ஆறு கல்யாணம். ஆறுக்கும் நான் போனேன். ஐந்து வீட்டில் முகம் கொடுத்துப் பேசினார்கள். ஆறாவது வீட்டுக்காரர் மேடையிலேயே, "உன்னைய யாருய்யா கூப்ட்டாங்க?" என்றார். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. வைகாசியில் சுரங்கப்பாதைக்கு வடிகாலும் மோட்டாரும் வந்தன.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தொடர் நடக்கும்போது பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம் "ஐயா வருவார்" என்று சொல்லாதீர்கள். "நான் வருகிறேன்" என்று சொல்லுங்கள். திட்டு வாங்க உதவியாளரே போதும்.