ஏழு பேர் இருந்தால் ஆட்டம் உண்டு

பெண்கள் கால்பந்து அணி நடத்துகிறவளுக்குக் கனவில் கோல் கம்பம் வரும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள், வருவது வாடகை பாக்கி கேட்கும் வேன்காரர்தான். நலச்சங்கம், கோயில் கமிட்டி என்று எதையாவது தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு வசூலுக்கு அலைந்தவர்களுக்கு இது புரியும்.

நான் ஒரகடத்தில் ஒரு உதிரிபாக ஆலையில் தரப் பரிசோதகர். ஒரு காலத்தில் கோல்கீப்பர். இப்போது பதினான்கு பெண்கள் கொண்ட ஓர் அணிக்குப் பயிற்சியாளர், மேனேஜர், வசூல்காரி எல்லாம் நானே. பெண்கள் எல்லாரும் ஒரே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் வேலை பார்க்கிறவர்கள். ஆட்டத்துக்குச் சம்பளம் என்று ஒன்று கொடுக்கிறோம். ஒரு ஜூஸ் குடிக்கக் காணும்.

இந்த வருஷ லீகில் முதல் ஆட்டத்துக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. என்ற கூடுதல் நேர வேலைக்குப் போய்விட்டார்கள். ஏழு பேராவது இல்லாவிட்டால் ஆட்டம் கிடையாது. இன்னொரு தடவை இப்படி ஆனால் அணியின் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாக லீக் செயலாளர் சொல்லிவிட்டார். மீதி மூன்று ஆட்டம் இருந்தது.

முதுகு வாடகைக்கு

ஜெர்ஸி வாங்கித் தர ஆள் தேடி வாலாஜாபாத் சாலையில் நான் ஏறாத படியில்லை. கடைசியில் கிரேன் வாடகைக்கு விடும் தயாளன் அண்ணன் சிக்கினார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். முதுகில் அவருடைய செல் நம்பர் பெரிதாகத் தெரிய வேண்டும். ஆடுகிறவளின் நம்பருக்கு மூலையில் தீப்பெட்டி அளவு இடம்தான் மிஞ்சியது. அடுத்த ஆட்டத்தில் மஞ்சள் அட்டை காட்டிய நடுவர், யார் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

அன்றைக்கு நாங்கள் ஒரு கோல் போட்டோம். பெண்கள் கட்டிப்பிடித்துக் குதித்ததை யாரோ போனில் நேரலையாகக் காட்டியிருக்கிறார்கள். உடனே தயாளன் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. வாழ்த்தத்தான் என்று எடுத்தேன்.

"இன்னாமா இது, எல்லாம் மூஞ்சியையே காட்டிக்கினு குதிக்குதுங்க? அடுத்த கோலுக்கு முதுகைத் திருப்பிக்கினு குதிக்கச் சொல்லு!"

பெஞ்சில் ஆளில்லை

ஜெர்ஸி வந்தது சரி, வேனுக்கும் சாப்பாட்டுக்கும் யார் கொடுப்பது? வழி கண்டுபிடித்தவள் பேச்சியம்மாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், நடுக்களத்தில் ஆடுகிறவள். ஞாயிறு ஓ.டி. கட்டாயமில்லை, ஆனால் போனால் இரட்டைச் சம்பளம் உண்டு. ஆட்டம் இருக்கிற ஞாயிறுகளில் மூன்று பேர் முறைபோட்டு ஓ.டி.க்குப் போக வேண்டும். அதில் பாதியை அணிக்குத் தர வேண்டும். மற்ற பதினொரு பேரும் ஆட வேண்டும். இதுதான் அவள் திட்டம்.

"உங்க மாற்று ஆட்டக்காரங்க எங்கே?" என்று அந்த இரண்டாவது ஆட்டத்திலேயே எதிரணிப் பயிற்சியாளர் எங்கள் காலி பெஞ்சைப் பார்த்துக் கேட்டார். ஷிஃப்டில் இருக்கிறார்கள் என்றேன். முதல் முறை பேச்சியம்மாளுடையது. ஆடத் துடிக்கிற பெண்ணை லைனில் நிற்க வைத்துவிட்டோமே என்று எனக்கு மனசே ஆறவில்லை. சாயங்காலம் அவள் ஹாஸ்டலுக்கே போய், வருத்தமா என்று கேட்டேன்.

"எதுக்குக்கா வருத்தம்? நான் லைன்ல ஸ்க்ரூ போட்டாத்தானே அவளுக கிரவுண்டுல கோல் போட முடியும்!"

டீ நேரம்

மூன்றாவது ஆட்டம் ஓர் ஆலையின் மதிலை ஒட்டிய மைதானத்தில் நடந்தது. எதிரணியும் ஆலைப் பெண்கள்தான். எங்கள் பெண் ஒருத்தி பந்தோடு தன்னந்தனியாகக் கோலை நோக்கி ஓடுகிறாள். அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அந்தப் பக்கம் டீ இடைவேளைச் சைரன் ஊதியது. அவள் பந்தை அப்படியே விட்டுவிட்டு நின்றாள். துரத்தி வந்தவளும் நின்றாள். எதிரணி கோல்கீப்பர் கையுறையையே கழற்றிவிட்டாள். இருபத்திரண்டு பேரும் பேசிக்கொண்டே தண்ணீர் பாட்டில் பக்கம் நடந்தார்கள். பொய் சொல்வானேன், நானும் பிளாஸ்கைத் திறந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருக்கும் நடுவருக்கு ஒன்றும் புரியவில்லை. பந்துக்குப் பக்கத்தில் தனியாக நின்று கத்தினார்.

"விசிலு என் வாய்ல கீது, நீங்க யார் பேச்சைக் கேட்டுக்கினு போறீங்க?"

பதினைந்தாவது வரி

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் குண்டு விழுந்தது. ஏற்றுமதிக்குப் போன சரக்கு திரும்பி வந்துவிட்டதாம். அதைச் சரிசெய்ய ஞாயிறு காலை ஷிஃப்டுக்கு எங்கள் பெண்களில் எட்டுப் பேர் கட்டாயம் வர வேண்டும். ஷிஃப்ட் விடுவதும் இரண்டு மணி, ஆட்டம் தொடங்குவதும் இரண்டு மணி. மறுபடியும் ஆறே பேர். அவ்வளவுதான், அணி முடிந்தது என்று நினைத்தேன்.

லீகின் பதிவுப் படிவத்தில் ஆட்டக்காரர் பெயர்களுக்குப் பதினைந்து வரி இருந்தது. காலியாக விட மனசில்லாமல் கடைசி வரியில் என் பெயரை எழுதி வைத்திருந்தேன். நாற்பது வயதில், முட்டி வலியோடு, கையுறை மாட்டிக்கொண்டு ஏழாவது ஆளாகப் போய் நின்றேன். முதல் பாதியில் ஐந்து கோல் விட்டேன். ஒன்று என் இரண்டு காலுக்கும் நடுவில் போனது. இடைவேளையில் சாலையோரம் கம்பெனி பஸ் நின்றது. எட்டுப் பெண்கள் நீலக் கோட்டோடு இறங்கி ஓடி வந்தார்கள். கோட்டைக் கழற்றினால் உள்ளே ஜெர்ஸி! காலையிலிருந்தே போட்டுக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள். நான் வெளியே வந்தேன். இரண்டாம் பாதியில் அவர்கள் ஒரு கோலும் விடவில்லை, இரண்டு போட்டார்கள். ஐந்துக்கு இரண்டு. தோற்றோம்தான். ஆனால் ஆட்டம் நடந்துவிட்டதே! ஜெயித்தவர்கள் எங்களை வேடிக்கை பார்க்கும் அளவுக்குக் குதித்தோம்.

செயலாளர் நேரே என்னிடம் வந்தார்.

"உங்க டீம் பேரு லிஸ்ட்ல கீது மேடம், கவலையே படாதீங்க. அடுத்த வருஷத்துக்குப் பதிவுப் பணம் எப்போ கட்டுறீங்க?"

ஒரே பாதியில் ஐந்து கோல் வாங்கிவிட்டு, கடன் வாங்க யாரைப் பிடிக்கலாம் என்று யோசித்தபடி, சிரித்துக்கொண்டே வீடு திரும்பிய கோல்கீப்பர் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.