எழுத்துப் புலி கேட்காத பெயர்

மலை சரிந்து பதினேழு பேரைக் கொண்டுபோன நாளில் ஆண்டுதோறும் ஊர் மண்டபத்தில் கூடுவார்கள். இறந்தவர்களின் பெயர்களைத் தொகாஷி கென்ஸோ வாசிப்பார். பெயர் வரும்போது அந்த வீட்டார் எழுந்து நின்று தலைகுனிவார்கள். நகராட்சியில் முப்பது வருஷம் குடும்பப் பதிவேட்டோடு மாரடித்தவர் அவர். அவர்கள் மொழியில் ஒவ்வோர் எழுத்தும் படமாகப் பிறந்து ஒரு பொருளைச் சொல்வது; எந்த எழுத்தைக் காட்டினாலும் அது பிறந்த கதையிலிருந்து சொல்லுவார். ஊரில் அவருக்கு ‘எழுத்துப் புலி’ என்று பெயர். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அது ஒன்பதாம் வருஷம். வாசித்து முடித்துத் தேநீர்க் கோப்பையோடு நின்றார். அவருக்குப் பின்னால் ஓர் இளம்பெண் ஓர் அம்மாளிடம் சண்டைக்கு நின்றாள். இறந்துபோன ஒரு சிறுமியின் பள்ளித் தோழி. டோக்கியோவிலிருந்து முதல்முறையாக வந்திருந்தாள்.

“என்னம்மா இது? அயுமுன்னு யாரோ பையனைக் கூப்பிடறாரு, நீங்களும் எழுந்து நிக்கிறீங்க! நம்ம அயுமி பேரு எங்கே?”

“மெதுவா பேசுடி. அவர் காதுல விழப்போகுது,” என்றாள் அயுமியின் அம்மா செட்சுகோ.

விழுந்துவிட்டது. பட்டியலில் இருந்தது ‘நட’ என்று பொருள்படும் ஒற்றை எழுத்து. அயுமு என்றும் படிக்கலாம், அயுமி என்றும் படிக்கலாம். பெற்றவர்கள் எப்படி அழைத்தார்களோ அதுதான் பெயர். தொகாஷிக்கு இது தெரியாதா? அலுவலகத்தில் ஆயிரம் பேரிடம் “எப்படிப் படிக்கணும்?” என்று கேட்டவர்தான். மேடை ஏறிய பிறகு கேட்கக் கௌரவம் இடம் தரவில்லை.

அதைவிடக் கேவலமான ஒன்று நினைவுக்கு வந்தது. முதல் வருஷம் செட்சுகோ தயங்கித் தயங்கி வந்து, “ஐயா, என் குழந்தை பேரு...” என்று ஆரம்பித்தாள். அவர் விட்டாரா? “அருமையான எழுத்தும்மா! அந்தக் காலத்துல ரெண்டு காலடியை, ஒண்ணுக்கு மேல ஒண்ணா வரைஞ்சாங்க,” என்று கால்மணி நேரம் அளந்தார். அவள் தலைகுனிந்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

அவள் முன்னால் போய் இடுப்பு வளையக் குனிந்தார். “அப்புறமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”

“நீங்க கூப்பிட்டு யாருமே எழுந்திருக்கலைன்னா உங்களுக்கு அவமானமாயிடுமேன்னு நின்னுட்டேங்க.”

பட்டியலையும் பேனாவையும் நீட்டினார். அந்த எழுத்தின் பக்கத்தில் அவள் பொடி எழுத்தில் மகளின் பெயரை ஒலிக்கிறபடி எழுதினாள்.

அவர் தலை நிமிர்ந்தபோது, அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வீட்டார் பேனாவுக்காகக் காத்து நின்றார்கள்.