எர்மெஸ் தேடிய பிழை

இத்தாலியின் லெக்கோ ஏரிக்கரையில் எர்மெஸ் அங்கிலேரியைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. எங்கள் பட்டறையில் இருபத்திரண்டு வருடம், விண்வெளிக்குப் போகும் எக்ஸ்ரே தொலைநோக்கிக்குக் கண்ணாடி வடிவமைத்தவன். நான் அளவு அறையில் இருந்தேன். அவனோடு சண்டை போடாத வாரமே எனக்குக் கிடையாது.

எக்ஸ்ரே கண்ணாடியில் நேராக விழுந்தால் திரும்பாது, உள்ளே புகுந்து தொலைந்துவிடும். ஏரியில் தட்டைக் கல்லைத் தாழ வீசினால் துள்ளுமே, அப்படிச் சாய்வாக உரசினால்தான் திரும்பும். அதனால் எங்கள் கண்ணாடிகள் குழாய்களாக இருக்கும். மெல்லிய நிக்கல், உள்பக்கம் தங்கம், ஒன்றுக்குள் ஒன்றாக ஐம்பத்தெட்டு. வளைவெல்லாம் எர்மெஸின் கணக்கு. தங்கம் பூசுவது அவன் மனைவி ஓர்சோலா.

இவ்வளவு மெல்லிய குழாய் தன் எடையிலேயே தொய்யும். விண்வெளியில் எடை இல்லை, தொய்வும் இல்லை. ஆகவே நான் அளந்து கொடுக்கும் எண்ணிலிருந்து எர்மெஸ் அந்தத் தொய்வைக் கழிப்பான், பிறகுதான் அந்த எண்ணுக்கேற்பக் குழாயைத் திருத்திச் சட்டத்தில் ஒட்டுவார்கள். பட்டறையில் கதவு கோணலானால்கூட "மேல போனா சரியாயிடும்" என்று சிரிப்போம்.

அந்த வருடம் அளவுக் கருவியே தொய்வைக் கழித்துக் கொடுக்கும் வசதி வந்தது. நான் அதை முடுக்கிவிட்டேன், எர்மெஸுக்குத் தரும் தாளில் அதைக் குறிப்பிடவில்லை. மறந்தேன் என்று சொன்னால் பொய். முந்தின நாள்தான் சண்டை, 'வந்து கேட்கட்டுமே' என்ற திமிர். அவன் கேட்கவில்லை. வழக்கம்போலத் தானும் கழித்தான். ஐம்பத்தெட்டையும் ஒட்டினார்கள்.

சோதனையில் ஒளிப்புள்ளி மங்கலாக விழுந்தது. மேலாளர் சிரித்தார். "தரையில அப்படித்தான். மேல போனா சரியாயிடும்." எல்லோரும் தலையாட்டினார்கள். எர்மெஸ் மட்டும் நாலு நாள் கணக்கில் உட்கார்ந்துவிட்டு என் அறைக்கு வந்தான்.

"தேலியோ, எடையால வர்ற மங்கல் இதுல பாதிதான். மீதிப் பாதி மேலயும் கூடவே வரும். ரெண்டு தடவ கழிச்ச மாதிரி இருக்கு. நீ ஏற்கெனவே கழிச்சுட்டியா?"

"கழிக்கறது உன் வேலை. என் தலையில கட்டப் பாக்காத."

"சண்டைக்கு வரலப்பா. ஆமாவா, இல்லையா?"

"இல்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது, பயந்தேன். அன்று மாலையே கருவியைப் பழையபடி மாற்றிவைத்தேன்.

அவன் என்னை நம்பினான். நேரே மேலாளரிடம் போய், "இத அனுப்பாதீங்க. என் கணக்குல எங்கயோ தப்பு, எங்கன்னு தெரியல" என்றான். வாயை மூடிக்கொண்டிருந்தால் மேலே போகும்வரை யாருக்கும் தெரிந்திருக்காது. ஒட்டினதைப் பிரிக்க முடியாது, ஐம்பத்தெட்டும் உடைபட்டன. வேலை வேறு நாட்டுக்குப் போயிற்று. முதலில் எர்மெஸை வேலையிலிருந்து நீக்கினார்கள், அடுத்து ஓர்சோலாவை, அப்புறம் பதினோரு பேரை. நான் தப்பினேன்.

அவன் கம்பி ஆலையில் சரக்கு ஏற்றினான். வேலை போனவர்கள் காப்பிக் கடையில் அவனைச் சும்மா விடவில்லை.

"எர்மெஸ், ரெண்டுல ஒண்ணு போனா எவ்வளவு? ரெண்டு தடவ கழிச்சுச் சொல்லு!"

"அதத்தாம்பா தேடிட்டிருக்கேன்" என்பான். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். நினைத்தால் இன்றும் என் முகத்தில் நானே துப்பலாம் போலிருக்கிறது.

ஒன்பது வருடம் சமையலறை மேசையில் பழைய கணக்கை முதலிலிருந்து போட்டுப் போட்டுப் பார்த்தான். போன பிப்ரவரியில் மாரடைப்பில் போய்விட்டான். அடக்கம் முடிந்த வாரம் ஓர்சோலா பதினாலு நோட்டுகளோடு என் வீட்டுக்கு வந்தார்.

"நீங்க அளவு அறைல இருந்தவரு. எங்க தப்புன்னு பாத்துச் சொல்லுங்க, தேலியோ. கல்லறைல போய் அவர்கிட்ட சொல்லணும். தேடித் தேடியே போயிட்டாரு மனுஷன்."

பதினாலையும் படித்தேன். எதிலும் தப்பில்லை. ஓர்சோலாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கை ஏழாவது நோட்டைப் புரட்டி ஒரு வரியைத் தொட்டது.

"இங்கதான்" என்றேன்.

"இவ்வளவுதானா?" என்று அழுதார் ஓர்சோலா. பிறகு என் பென்சிலை வாங்கி, எர்மெஸ் சரியாகப் போட்டிருந்த அந்த வரிக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டார்.